ஹில்கா பனிமேட்டில் முட்டிய கதை

மார்ச் 4, செவ்வாய்

இன்று போட்ட பதிவு: எங்கள் வெள்ளைக் கார், அதன் மேல் ‘வசந்தகாலச் சலுகை’. லைக் போட்டவர்கள்: ரெய்யோ, அவர் மனைவி, நான்.

“உன் போஸ்டுக்கு நீயே லைக் போடாத தூலியா. பாக்கவே பாவமா இருக்கு,” என்றார் ரெய்யோ.

டிரைவிங் ஸ்கூல் ரெய்யோவுடையது. கார் ஓட்டச் சொல்லித்தருவது அவர், மற்றதெல்லாம் நான். சந்தைத் திடலில் பெரிய கம்பெனிக்காரர்கள் கிளை திறந்த பிறகு எங்கள் ஈசால்மி ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். கோடைக்குள் ஆள் சேராவிட்டால் மூடிவிடலாம் என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். காபிக்குச் சர்க்கரை கேட்பது போல.

மார்ச் 6

எங்கள் மாணவி ஹில்கா வகுப்பு முடித்து உள்ளே வந்தார். கண்ணில் நீர் வரச் சிரிப்பு. பின்னாலேயே ரெய்யோ, முகம் வெளுத்து.

“ரவுண்டானாவுல நான் திரும்பிட்டேன். கார் திரும்பல!”

சாலையோரம் ஒதுக்கிக் குவித்த பனிமேட்டில் முட்டியிருக்கிறார். அறுபதை நெருங்கும் வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து கார் ஓட்டியது கணவர் என்சியோதான். போன இலையுதிர்காலத்தில் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. ஏரிக்கரையில் அவர் கையால் கட்டிய குடில் இருக்கிறது. அங்கே பஸ் போகாது.

“வேற யாராவது கூட்டிட்டுப் போறேன்னா ரோஷம் வந்துடும். சரி, நானே ஓட்டறேன்னேன். ‘நல்லவேளை, எனக்குக் கண்ணு தெரியாது’ங்கறாரு!”

ரெய்யோவின் காபி ஆறியேவிட்டது. நான் யோசித்தேன் — இவ்வளவும் எதிரே உட்கார்ந்திருக்க, நான் எதற்கு வெள்ளைக் காரைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்?

கேட்டேன். உங்கள் கதையைப் போடலாமா?

“போடு. ஆனா முட்டினா முட்டினேன்னே போடணும். அழகுபடுத்தக் கூடாது. மூக்க வேணா கொஞ்சம் சின்னதா காட்டு.”

மார்ச் 9, ஞாயிறு

பனிமேட்டின் முன் ஹில்கா, பக்கத்தில் வளைந்த நம்பர் பிளேட், கீழே அவர் சொன்னது சொன்னபடி. சலுகை என்ற வார்த்தையே இல்லை. மதியத்துக்குள் ஊர் பாதி படித்துவிட்டது. அந்தப் பனிமேட்டுக்கு யாரோ ‘ஹில்கா மலை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருத்தி எழுதியிருந்தாள்: “எனக்கு ஐம்பத்திரண்டு. இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா?”

முடியும் என்று பதில் போட்டேன்.

மார்ச் 21

ஐம்பத்திரண்டு வயதுக்காரி இன்று நேரிலேயே வந்துவிட்டாள். அக்காவையும் கூட்டிக்கொண்டு.

ஏப்ரல் 10, வியாழன்

நாளை ஹில்காவுக்குத் தேர்வு. கடைக்காரர், தபால்காரர் எல்லோரும் என்னிடமே விசாரிக்கிறார்கள். ரெய்யோவுக்குத்தான் பயம்.

“ஃபெயிலாயிட்டா? ஊரே பாத்துக்கிட்டிருக்கு. ஃபெயிலாக்கற ஸ்கூலுக்கு எவன் வருவான்?”

பாஸ் ஆனால் மட்டும் போடு என்கிறார். அவர் கவலையும் நியாயம்தானே? எனக்கும் வேலை வேண்டும்.

ஏப்ரல் 11

போச்சு. ஆஸ்பத்திரி மேட்டில் சிக்னலில் நின்ற ஹில்கா, காரை எடுக்கும்போது பின்னால் உருட்டிவிட்டார். பின்னால் பஸ்! தேர்வாளர் பிரேக் போட்டிருக்கிறார். அதோடு முடிந்தது.

நான் அலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஹில்கா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்:

“எங்க, இன்னும் எடுக்கலையா?”

“இன்னிக்கு வேணாம் ஹில்கா.”

“முட்டினப்ப போட்ட. இப்ப மறைச்சா அதுவும் பொய்யின்னுல்ல ஆயிடும்? எடு.”

எடுத்தேன். அழுத கண், சிவந்த மூக்கு. அப்போது ரெய்யோ — காமிராவைக் கண்டாலே கழிவறைக்குள் போய்விடும் மனிதர் — ஹில்கா பக்கத்தில் வந்து நின்றார்.

“மேட்டுல நிறுத்தி எடுக்கறத நான் சரியா சொல்லித்தரல. திங்கக்கிழமையிலருந்து மேடு மட்டும்தான். இந்த ஊர்ல ஆஸ்பத்திரி மேட்ட விட்டா வேற மேடே இல்ல, எங்கயாவது கண்டுபிடிக்கறேன்.”

அப்படியே போட்டுவிட்டேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

ஏப்ரல் 12

காலையில் திறந்து பார்க்கப் பயந்துகொண்டே திறந்தேன். மேடுகளாக வந்து குவிந்திருக்கின்றன! எங்கள் தோட்டத்துப் பாதை செங்குத்து, வந்து பழகுங்கள் என்று ஒரு விவசாயி. படகு இறக்கும் சரிவு இருக்கிறது என்று இன்னொருவர். தாங்கள் எத்தனை முறை தேர்வில் தோற்றோம் என்று ஆளாளுக்குப் பெருமையடித்துக்கொள்கிறார்கள். பெரிய கம்பெனியில் சேர்ந்திருந்த ஒரு பையனின் அம்மா கேட்கிறார்: தப்பை ஒத்துக்கொள்ளும் அந்த வாத்தியாரிடம் இடம் இருக்கிறதா?

ரெய்யோ அதை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

மே 8

பாஸ்!!! ஹில்கா ரெய்யோவைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். நிஜமாகவே, தரையிலிருந்து.

ஜூலை 5, சனி

ஹில்கா குடிலிலிருந்து போனில் கூப்பிட்டார். வழி முழுக்க என்சியோ பக்கத்தில் உட்கார்ந்து, “இப்ப பிர்ச் மரம் வரும், இப்ப வளைவு” என்று பார்வையில்லாமலே சொல்லிக்கொண்டு வந்தாராம். ஒன்றுகூடத் தப்பவில்லையாம். பின்னாலிருந்து அவர் குரல்:

“தூலியா, அவ என்னைவிட நல்லா ஓட்டறா. எழுதிடாத, மானம் போயிடும்!”

எழுதவில்லை, இங்கே தவிர.

ஆகஸ்ட் 13, புதன்

மாலை வகுப்பில் நாற்காலி போதவில்லை. ரெய்யோ தன் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மனைவி நின்றுகொண்டு சாப்பிடுகிறாராம். மூச்சு வாங்கியபடி என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒரு வாரமா நீ ஒண்ணுமே போடலையே?”

“எங்க ரெய்யோ நேரம்? போன் அடிக்குது பாருங்க.”

அவரே எடுத்துப் பேசினார்.