மீனில்லாத சோறு

என்ரை மனுசிக்கு,

வழக்குக்குத் திரும்பவும் தவணை போட்டிட்டாங்கள். களவெடுத்தன் எண்டு ஒப்புக்கொண்டவன் தண்டனை முடிஞ்சு வீட்டை போயிட்டான். எடுக்கேல்லை எண்ட நான் விசாரணையே இல்லாமல் மறியல் சிறையிலை கிடக்கிறன். கால் நீட்ட இடமில்லாத அறையிலை, மனம்விட்டுக் கதைக்க ஒருத்தருமில்லை.

போனமுறை நீ கொண்டந்த சோத்திலை மீனில்லை. வெள்ளிக்கிழமையுமில்லை, விரதமுமில்லை. கடல் கொந்தளிப்பு எண்டாய். கம்பிக்குள்ளாலை வாற காத்திலை கொந்தளிப்பில்லை எண்டு எனக்கும் தெரியுமடி. என்னைப் பெத்த அப்புவின்ரை வருத்தம் சுகமாகுதோ எண்டு கேட்டன். நீ பிள்ளையின்ரை சட்டையை இழுத்து விட்டாய்.

நேற்று, பேன் எண்டு எல்லாரையும் இருத்தி மொட்டை அடிச்சவங்கள். மற்றவங்கள் திட்டினாங்கள். நான் தலையைக் குனிஞ்சு குடுத்தன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் மரக்கறியே கொண்டு வா. அம்மாட்டைச் சொல்லு, மூத்தவன் அப்புவுக்கு மொட்டை போட்டிட்டான் எண்டு.

உன்ரை மனுசன்