சாயந்திரக் கரண்ட்

5 பிப்ரவரி 2012, ஞாயிறு

எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்று ஒரு பலா மரப் பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. போன டிசம்பர் கடைசியில் அடித்த 'தானே' புயலில் பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த மரத்தின் பலகை. இப்போது கடலூரில் யார் வீட்டுக்குப் போனாலும் பலாப் பலகையில் ஏதாவது ஒன்று இருக்கிறது. என் சிநேகிதி சந்தியா வீட்டில் கோழிக்கூடு. எங்கள் வீட்டில் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்!

செய்தது இளவரசு மாமா, அம்மாவின் தம்பி. பகலில் மஞ்சக்குப்பத்தில் செல்போன் ரிப்பேர். கச்சேரி நாட்களில் சிங்காரம் என்பவரின் இன்னிசைக் குழுவில் கிட்டார். பெட்டிக்குள் இருப்பதெல்லாம் மூடிப்போன ஒரு சினிமா தியேட்டரின் ஆம்ப்ளிஃபையரிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு வந்த சாமான்கள். பின்பக்கம் திறந்தே இருக்கிறது. அங்கே இரண்டு பெரிய கண்ணாடி வால்வுகள், சின்ன ஊறுகாய் பாட்டில் மாதிரி.

அப்பா பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மச்சான், இது பாடுமா, வெடிக்குமா?"

"பாடும் மாமா."

"வெடிச்சா தெருவுல வச்சி வெடிக்கச் சொல்லு. கூடம் இப்பத்தான் வெள்ள அடிச்சிருக்கு."

7 பிப்ரவரி

மாமாவுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று இன்றுதான் தெரிந்தது. குழுவில் கீபோர்டு வாசிக்கும் சபாபதி புது கீபோர்டு வாங்கியிருக்கிறாராம். அதில் ஒரு பட்டனை அழுத்தினால் கிட்டார் சத்தமே வருகிறதாம். "அப்புறம் நீ எதுக்குடா இளவரசு? வேன்ல ஒரு சீட்டு மிச்சம்" என்று சிங்காரம் சிரித்துக்கொண்டே சொன்னாராம். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் மாமாவுக்கு வலித்திருக்கிறது. கெஞ்சிக் கேட்டு ஒரு வாய்ப்பு வாங்கியிருக்கிறார். இந்த மாதம் 26, சிதம்பரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அங்கே கிட்டார் தனியாக எடுபட வேண்டும். இல்லாவிட்டால் செம்மங்குப்பம்.

செம்மங்குப்பம் என்றால் அப்பா வேலை செய்யும் கெமிக்கல் கம்பெனி. மாமாவுக்காக அங்கே காண்ட்ராக்டரிடம் பேசி வைத்திருக்கிறார். ஷிஃப்ட் வேலை. ஷிஃப்டுக்குப் போகிறவர் எந்தக் கச்சேரிக்குப் போக முடியும்?

"நான் போகலியா? எனக்கு இன்னா கொறஞ்சி போச்சி?" என்றார் அப்பா. அதுவும் சரிதான். யார் பக்கம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

11 பிப்ரவரி, சனி

நூலகத்தில் வால்வுகளைப் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. நான் பிறப்பதற்கு முன்பே யாரோ கடைசியாக எடுத்திருக்கிறார்கள். மாமா புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "நீயே படிச்சி எனக்குக் கதையா சொல்லு" என்று திருப்பிக் கொடுத்தார். மாமா பற்றவைத்தால் ஈயம் முத்து மாதிரி நிற்கும். ஆனால் படிக்கச் சொன்னால் கொட்டாவி வரும்.

எனக்குப் பிடித்த விதி: உள்ளே அளக்கும்போது ஒரு கை எப்போதும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். இரண்டு கையாலும் தொட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போய்விடும். படித்துச் சொன்னேன்.

"கைலியில ஏது புள்ள பாக்கெட்டு?"

கடைசியில் மாமா இடது கையைப் பின்னால் கைலி இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடா, பள்ளிக்கூடத்துல முட்டி போட்டவன் மாதிரி நிக்கிற?" என்றாள்.

14 பிப்ரவரி

முதலில் வால்வுகளைக் கழற்றிவிட்டு வெறும் வோல்டேஜ் பார்த்தோம். மாமா ஒரு கையால் மீட்டர் முனையை வைப்பார், நான் எண்ணைப் படிப்பேன். நானூற்றுச் சொச்சம்! சுவிட்சை அணைத்த பிறகும் எண் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. அணைத்துவிட்டோம் என்று உள்ளே கை வைத்திருந்தால்? கரண்டைத் தேக்கி வைத்துக்கொள்ளும் அந்தக் கண்டென்சர்களை இனிமேல் மரியாதையோடுதான் பார்ப்பேன்.

18 பிப்ரவரி, சனி

இன்று பயாஸ் வைத்தோம். எனக்குப் புரிந்த வரையில் எழுதி வைக்கிறேன். யாரும் வாசிக்காமல் சும்மா இருக்கும்போதே வால்வு கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டிருக்கும். குறைவாகக் குடித்தால் சத்தம் சொத்தையாக வரும். அதிகமாகக் குடித்தால் உள்ளே இருக்கும் பிளேட் என்கிற தகடு பழுத்துச் சிவந்து வால்வு செத்துப் போகும். கூடவே டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோய்விடும். தியேட்டர் டிரான்ஸ்ஃபார்மர் இன்னொன்று கிடைக்காது. ஒரு சின்னத் திருகைத் திருப்பி அந்தக் குடியை அளவாக வைப்பதுதான் பயாஸ்.

"ஆட்டோ சும்மா நிக்கும்போது டுப்பு டுப்புனு ஓடுதுல்ல, அது மாதிரி" என்றார் மாமா. நான் நான்கு பக்கம் படித்துத் தெரிந்துகொண்டது அவருக்கு ஒரு வரியில் வந்துவிட்டது.

பகலில் எப்போது கரண்ட் போகும் என்று தெரியாது. மாமாவும் கடை மூடிய பிறகுதான் வருவார். ஆகவே எங்கள் வேலை எல்லாம் சாயந்திரம்தான். தெருவே விளக்கு போட்டு மோட்டார் போடும் நேரம். ட்யூப்லைட் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. மாமா திருக, நான் படிக்க, நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது — "நிறுத்து!" ஐம்பது மில்லி ஆம்பியர். பிளேட்டில் முந்நூற்று நாற்பது வோல்ட். இரண்டையும் பெருக்கினால் பதினேழு வாட். இருபத்தைந்து வரை தாங்கும் வால்வு. அருமை.

ஆனால் செவ்வாய்க்கிழமை நானூற்றுக்கு மேல் காட்டியது இன்று ஏன் முந்நூற்று நாற்பது? "வால்வு மாட்டுனா எறங்கும்ல" என்றார் மாமா. புத்தகமும் இறங்கும் என்றுதான் சொல்கிறது. ஆனால் இவ்வளவா?

கரண்ட் ஏறி இறங்காமல் ஒரே அளவில் தருமே, அந்த ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரை அரை மணிக்கு மட்டும் கேட்டோம். "அதுல கை வச்சா ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது" என்றாள் அம்மா.

19 பிப்ரவரி

பாடிவிட்டது! மாமா ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். மோர் மாதிரி இருந்த கிட்டார் நெய் மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு மங்கலம் அத்தை ஓடி வந்து, "யார் வூட்டுல கல்யாணம்?" என்றார்.

25 பிப்ரவரி

நானும் போகிறேன்! கணக்குப் பாடத்தில் பாதியை முடித்துக் காட்டியதால் அம்மா சம்மதம்.

27 பிப்ரவரி, திங்கள்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

சிதம்பரத்தில் கீழ வீதியைத் தாண்டி மண்டபம். நாங்கள் போனபோதே ஊரில் கரண்ட் இல்லை. பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவர் பெயர் சாமிக்கண்ணு. மண்டபத்து விளக்கெல்லாம் பகல் மாதிரி எரிந்தது. எங்கள் வீட்டு ட்யூப்லைட்டை நினைத்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

பெட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் நான். வால்வுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவது பாட்டில் நடுவே பாட்டு நின்று கிட்டார் மட்டும் தனியாக வரும் இடம். மாமா ராத்திரி பகலாகப் பழகிய இடம். இதைக் கேட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று சிங்காரம் சொல்லியிருந்தார்.

அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்க வால்வின் தகட்டில் ஒரு சிவப்பு. குங்குமப் பொட்டு அளவுதான். பார்க்கப் பார்க்கப் பெரிதானது.

"மாமா!" கத்தினேன். டிரம்ஸ் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மாமா முன்னால் பார்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தனி வாசிப்பு முடிந்துவிடும். பொறுக்குமா? டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டால்? நான் நிறுத்தினால் மாமா போய்விடுவார் செம்மங்குப்பத்துக்கு. நிறுத்தாவிட்டால் பெட்டியே போய்விடும் —

நிறுத்திவிட்டேன். பெரிய வோல்டேஜை மட்டும் வெட்டும் ஸ்விட்ச் ஒன்று உண்டு. அதைத் தட்டினேன். கிட்டார் வாயடைத்துப் போனது. மாமா வெறும் கம்பியை இரண்டு முறை மீட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத மாட்டேன். சபாபதி சட்டென்று கீபோர்டில் அந்த இடத்தை வாசித்துவிட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள்! யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் கொடுமை.

பாட்டு முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் மொய் வரிசை, போட்டோ. சிங்காரம் வந்து, "இன்னாடா, கிட்டார் வாசிக்கறியா, பின்னால அடுப்பு மூட்டிச் சமைக்கறியா?" என்றார். மாமா என்னிடம், "ஏன்டி பண்ண?" என்று மட்டும் கேட்டார். என்னை அவர் 'டி' போட்டதே இல்லை.

"செவந்துடிச்சி மாமா. சத்தியமா செவந்துடிச்சி."

மாமா மீட்டரை எடுத்து, ஒரு கையை இடுப்பில் செருகிக்கொண்டு (கோபத்திலும் மறக்கவில்லை), ப்ளக் பாயிண்ட்டில் அளந்தார். இருநூற்று ஐம்பது வோல்ட். சாமிக்கண்ணுவைக் கேட்டால் அவருக்கு ஒரே பெருமை. "நம்ம ஜெனரேட்டர்ல கொறவா வராது பாப்பா. கல்யாண வூடாச்சே, ஜாஸ்தியாவே வுட்டிருக்கேன்!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் சாயந்திரம் வருவது இருநூறுகூட இருக்காது. சுவரில் வருவதை நாங்கள் ஒரு நாளும் அளக்கவே இல்லை. இளைத்துப்போன கரண்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைக் கொண்டுவந்து இந்தக் குண்டுக் கரண்டுக்குப் போட்டுவிட்டோம். சுவரில் ஏறியது பிளேட்டிலும் ஏறும். குடியும் ஏறும். இரண்டையும் பெருக்கினால் எங்கள் பதினேழு வாட் முப்பதைத் தாண்டிவிட்டது.

"எறக்கணும் மாமா. முப்பத்தஞ்சுக்கு."

மாமா திருகைப் பிடித்தார். நான் எண் படித்தேன். மேடைக்குப் பின்னால், மொய் எழுதும் மைக் சத்தத்தில், எங்கள் கூடத்தில் செய்வது போலவே. எழுபது, அறுபது, நாற்பது, முப்பத்தைந்து. "நிறுத்து."

அதன்பிறகு முடிவு வரை நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் அந்தப் பாட்டு திரும்ப வரவில்லையே. வேனில் சிங்காரம் முன் சீட்டில் தூங்கிவிட்டார். பரங்கிப்பேட்டை தாண்டி, கடலூர் வரும் வரை மாமா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

28 பிப்ரவரி

மாமா வரவில்லை. பெட்டி கூடத்தில் தனியாக இருக்கிறது. அதன்மேல் அம்மா துவைத்த துணியை மடித்து வைத்துவிட்டாள்.

1 மார்ச்

வீட்டுச் சுவரில் அளந்து பார்த்தேன், கை இடுப்பில்தான். மத்தியானம் 228. சாயந்திரம் ஆறரைக்கு 190.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உங்க மாமனுக்கு நாளானிக்கு மெடிக்கல் டெஸ்ட்டு. காண்ட்ராக்டர் வரச் சொல்லிட்டான்" என்றார். பிறகு, "நீ நிறுத்துனது தப்பில்ல. நெருப்பப் பாத்தா நிறுத்தணும். எங்க கம்பெனியில அதத்தான் மொதல்ல சொல்லிக் குடுப்பாங்க" என்றார்.

அழுகை வந்துவிட்டது. மாமாவுக்கு எதிர்க்கட்சி என்றல்லவா அப்பாவை நினைத்திருந்தேன்.

2 மார்ச், வெள்ளி

மாமா வந்தார். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, "ஏ புள்ள, சிங்காரம் போன் பண்ணாரு" என்றார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். சபாபதிக்கும் சிங்காரத்துக்கும் சண்டையாம். "பாட்டும் நானு, பேஸும் நானு, ஷெனாயும் நானு, இதுல கிட்டாரும் நானுன்னா எனக்கு இன்னா பத்து கையா இருக்கு? அன்னிக்கு அந்த எடத்த வாசிச்சதுல என் வெரலே சுளுக்கிக்கிச்சி. இளவரசு இல்லன்னா நானும் இல்ல" என்று சபாபதி சொல்லிவிட்டாராம். சிங்காரம் மாமாவிடம், "ரெண்டாவது பாதியில நல்லாத்தான்டா இருந்திச்சி. திட்டக்குடி திருவிழாவுக்கு வந்து சேரு. அந்தப் பெட்டிய அணைச்சிச்சே ஒரு பொண்ணு, அதையும் இட்டுக்கினு வா. அது இல்லாம நீ பெட்டிய ஆன் பண்ணக் கூடாது" என்றாராம்.

"அப்ப மெடிக்கல் டெஸ்ட்டு?" என்றேன்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பரைப் பார்த்தார். "காண்ட்ராக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன், வுடு மச்சான்" என்று பேப்பருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

எனக்கு மாமா ஒரு தேங்காய் பன் வாங்கி வந்திருந்தார். கொடுக்கும்போது மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "இனிமே கத்துறதா இருந்தா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாக் கத்து" என்றார்.

17 ஏப்ரல்

பரீட்சை முடிந்தது. சமூக அறிவியல் சுமார். அறிவியல் பிரமாதம்! மின்னியலில் ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. கேட்டதற்கு மேல் இன்னும் ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

28 ஏப்ரல், சனி

வேன் நான்கு மணிக்கு. திட்டக்குடியில் கரண்ட் எப்படி இருக்குமோ தெரியாது. மீட்டர், திருப்புளி, ஒரு மாற்று ஃப்யூஸ் எல்லாம் என் பள்ளிக்கூடப் பையில்.

பெட்டியை மாமாவும் அப்பாவும் தூக்கினார்கள். நான் படி இறங்கும்போது அம்மா, "இரு" என்றாள். அடுக்களையில் ஏதோ நகரும் சத்தம். மங்கலம் அத்தை வீட்டுக்குத் தோசை மாவும் பாலும் ஏற்கெனவே போய்விட்டன என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா ஒரு ஒயர் கூடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. புளிசாதம் என்று நினைத்து வாங்கினேன். கை கீழே போய்விட்டது, அவ்வளவு கனம்.

துண்டுக்கு அடியில் ஸ்டெபிலைசர்.

"காலையில வந்ததும் எனக்கு ஃப்ரிட்ஜ் ஓடணும்" என்றாள் அம்மா. "இப்பப் போங்க, வேன்காரன் ஆரன் அடிக்கிறான்."