மாதாவுக்கு நேர்ந்த சேவல்

அமலியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சௌக்கியம். நீங்கள் விட்டுப்போன இயற்கையும் சௌக்கியம். துணி காயப்போட இடம் விடாமல் பால்கனியில் உலாத்துகிறது.

"டவுன்ல பொறந்த புள்ள, இயற்கைன்னு ஒரு கோழியாச்சும் பாத்து வளரட்டும்" என்று குஞ்சு வாங்கி வந்தீர்கள். நான் குழம்பு வைத்துவிடுவேன் என்று பயந்து, அன்றைக்கே அதை ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்தும் விட்டீர்கள். குஞ்சு சேவலாகிவிட்டது. கடலைக்குக் களை எடுக்கப் போகிறேன் என்று ஊருக்குப் போனீர்கள். கடலை பிடுங்கும் நாளே வந்துவிட்டது.

விடியுமுன்னே கூவுகிறது. உங்கள் குறட்டையே தேவலை. மேல்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். "சார், அது சாமிக்கு நேந்த சேவல். நான் என்னங்க பண்றது?" என்றேன். மனுஷர் செருப்பைக் கழற்றிவிட்டு அதைக் கும்பிட்டுப் போனார். இப்போது அவர் வீட்டு அம்மா தினமும் கம்பு கொண்டுவந்து போடுகிறார். அமலி அதோடு சேர்ந்து கூவுகிறாள்.

நேற்று சாப்பிடும்போது கேட்டாள்: "கத்துனா ஊருக்கு அனுப்பிருவேன்னு சேவல்கிட்ட சொல்றியேம்மா, அப்பாவும் கத்துனாரா?"

பேசாமல் சாப்பிடு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சேவலைக் கோயிலில் விட வருகிறோம். உங்களைப் பார்க்க அல்ல. சேவல் கூடையும் பிள்ளையுமாக என்னால் ரயிலிலிருந்து இறங்க முடியாது. அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.

திரும்பி வர மூன்று டிக்கெட் எடுத்துவையுங்கள். சேவல் அங்கேயே தங்கிவிடும்.

இப்படிக்கு,
துணி காயப்போட இடமில்லாதவள்