வெயில் வராத வீடு

ஜூன் 4

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கு நலம். அங்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

"இனிமேல் உங்களை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டது உங்கள் மகனும் என் மகளும்தான். நீங்களும் நானும் ஒரு காகிதத்திலும் போடவில்லை. நடுவில் ஒரு பேத்தி இருக்கிறாள். அதனால் பழைய முறையே இருக்கட்டும்.

ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பதில், முடியாது. மிளகை அனுப்ப மாட்டேன்.

அது உங்கள் வீட்டில் குட்டியாக வந்து வளர்ந்த நாய்தான். வெள்ளை முகத்தில் மூக்கு மட்டும் மிளகு மாதிரி இருக்கிறது என்று பேத்தி பெயர் வைத்ததும் அங்கேதான். ஆனால் மகளும் பேத்தியும் வெளிநாடு கிளம்பும்போது, மூக்குப் புண்ணோடு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று என் கையில்தான் கொடுத்தார்கள். பேத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பாட்டி, பத்திரமா பாத்துக்கோ" என்றாள். உங்களிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள்.

புண் என்றதும் சொறி என்று நினைக்காதீர்கள். மூக்கில் துளி சதை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் பெண் சொன்னாள். வீட்டுக்குக் காவல் போட்ட ஆள் வீட்டுக்காரனையே திருடன் என்று அடித்தால் எப்படியோ, அப்படி இதன் உடம்பே இதன் தோலை அடிக்கிறதாம். யாருக்கும் ஒட்டாது. முழுக்கத் தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம். அதற்கு மாத்திரை, களிம்பு. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம், படி இறங்குகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஒரு வேளை தவறவிட்டதில்லை.

என் வைத்தியமும் ஒன்று உண்டு. மூன்றாம் மாடி, காலையில் ஒரு ஜன்னல் வழியாக வெயில், மத்தியானத்துக்கு மேல் இன்னொரு ஜன்னல் வழியாக. போர்வையை விரித்து, பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டு, அதை வெயிலில் படுக்க வைக்கிறேன். முதலில் முரண்டு பிடித்தது. இப்போது தானாகவே போய்ப் படுக்கிறது. தோல் வியாதிக்கு வெயிலைவிட வேறென்ன வேண்டும்?

இப்படிக்கு,
மூன்றாம் மாடிச் சம்பந்தி

ஜூன் 15

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கோபம் கடிதத்தைப் பிரிக்கும்போதே சுட்டது. காது போனதில் ஒரு லாபம், யார் கத்தினாலும் கண்ணால் படித்துக்கொள்ளலாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் கேட்டாயிற்று. இனி போதும் என்று காதே கதவைச் சாத்திக்கொண்டது.

நாயைக் கேட்டது உரிமை கொண்டாட அல்ல. சும்மா கேட்டேன். அதை விடுங்கள்.

ஆனால் வெயில் விஷயம் எனக்கு உறுத்துகிறது. இங்கே இருந்தபோது மிளகு வெயிலில் நின்று நான் பார்த்ததே இல்லை. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே குழி பறித்துப் படுத்திருக்கும். "இதென்ன நாயா, பெருச்சாளியா?" என்று மகன்கூடக் கேலி செய்வான். இதை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்களேன்.

மகன் போன வாரம் வந்தான். என் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டான். அப்புறம் செல்போனைப் பார்த்தான். பக்கத்தில் எழுப்பிய பெரிய கட்டடத்தால் இந்த வீட்டில் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிப் போனான். வெளியே போகிறவர்கள் விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான். உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

ஜூலை 2

சம்பந்தியம்மா,

கேட்டேன். டாக்டர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பாட்டிம்மா, இந்த வியாதிக்கு வெயில்தான் முதல் எதிரி. நீங்க மாத்திரையும் குடுத்து, விரோதியையும் வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கீங்க!" என்றாள். "அதை முதல்லயே சொல்லியிருக்கணும்ல?" என்று நானும் விடவில்லை. "சொன்னேன் பாட்டிம்மா, உங்க பொண்ணுகிட்ட" என்றாள். என் மகள் கிளம்புகிற அவசரத்தில் எதைத்தான் முழுசாகச் சொன்னாள்?

மூக்கில் பாதிக் கறுப்பு போய்விட்டது. இளஞ்சிவப்பாக, உரித்த வெங்காயம் மாதிரி இருக்கிறது. விளிம்பில் பொருக்கு.

இப்போது ஜன்னலுக்கெல்லாம் கனமான திரை. பொழுது சாய்ந்த பிறகுதான் கீழே இறங்குகிறோம். மூக்குக்கு ஒரு களிம்பு, வெயிலுக்கு ஒரு களிம்பு. மனுஷர் பூசுகிற வெயில் களிம்பைப் பூசக் கூடாதாம், நக்கினால் விஷமாம். அதற்கென்று ஒன்று தந்திருக்கிறாள். அதையும் பூசிவிட்டு, நக்காமல் இருக்க முகத்தைப் பிடித்துக்கொண்டு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. என் சொந்தக் கதையெல்லாம் தீர்ந்துவிட்டது, இப்போது உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாத்திரையால் பசியோ பசி, தாகமோ தாகம். ஒரு வாளி குடிக்கிறது, அந்த வாளியை என் கூடத்திலேயே திருப்பித் தருகிறது.

எதிர் வீட்டுக்காரி காலை வெயிலுக்கு இங்கேதான் வந்து உட்காருவாள். இப்போது வருவதில்லை. "இருட்டா இருக்குதுக்கா" என்கிறாள். போன வாரம் பேத்தியும் செல்போனில் முகம் பார்த்துப் பேசும்போது கேட்டாள், "பாட்டி, உன் வீடு ஏன் குகை மாதிரி இருக்கு?" என்று. "கரடி வளக்கிறேன்டி" என்றேன். சிரித்தாள். அப்புறம் அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

வெயில் விஷயம் சொன்னதற்கு நன்றி. நாயை அனுப்பச் சொல்லி மறுபடி எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி

ஜூலை 13

சம்பந்தியம்மாவுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். பேனா கேட்கவில்லை.

இருட்டு இருட்டு என்று இந்த வீட்டை நான் திட்டாத நாள் இல்லை. துணி காயாது, சுவர் பூத்துப்போகும். அந்தக் கட்டடக்காரன் மேல் வழக்குப் போடச் சொல்லி என் வீட்டுக்காரரை அவர் உயிரோடு இருக்கும்வரை நச்சரித்தேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை எந்த மூலையிலும் ஒரு கை அகலம் வெயில் விழவில்லை. முதல் தடவையாக இந்த வீட்டை நான் திட்டவில்லை.

இவ்வளவுதான். கேட்கவில்லை, சொல்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி

ஆகஸ்ட் 9

சம்பந்தியம்மா,

உங்கள் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தது கோபத்தில்தான். இப்போது எழுதுவது கோபத்தில் இல்லை.

மூக்கு ஆறி வந்தது. மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்தாயிற்று. டாக்டர் பெண்கூட, "பாஸாயிட்டீங்க பாட்டிம்மா" என்றாள். போன வியாழக்கிழமை மத்தியானம் கண் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் கூடத்தில் வெளிச்சம். மிளகு திரையைப் பல்லால் இழுத்து விலக்கிவிட்டு, அந்த வெயில் துண்டில் நான் பழக்கின மாதிரியே கால் நீட்டிப் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து பிஸ்கட்டுக்காக நின்றது. மூக்கிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

திரையை ஆணி வைத்து அடித்தேன். அடுத்த ஜன்னலுக்குப் போனது. அதையும் அடித்தேன். அடைத்த ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. நல்ல பிள்ளையாகச் சொன்னதைச் செய்கிறது, பாவம். அதற்கு எப்படிப் புரிய வைப்பது?

மாத்திரை மறுபடி பழைய அளவுக்கு ஏறிவிட்டது. இப்படி ஏற்றி இறக்கினால் ஈரல் தாங்காதாம்.

அதனால், வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வண்டியில் கூட்டி வருகிறேன். நீங்கள் ரயில் நிலையத்துக்கு வாருங்கள். வீட்டுக்கு வரமாட்டேன். உங்கள் மேல் ஒன்றுமில்லை. என் மகள் பெட்டியோடு இறங்கிய படியில் நான் ஏற முடியாது, அவ்வளவுதான்.

பேத்தியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி

ஆகஸ்ட் 20

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன்.

அன்று உங்கள் காதுக்காக நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "வெறும் வயித்துல குடுக்காதீங்க!" என்று நான் கத்தினதும் பக்கத்து பெஞ்சுக்காரர் அவசரமாகத் தன் மாத்திரை டப்பாவை உள்ளே வைத்தார், பார்த்தீர்களா? சொன்னதெல்லாம் உங்கள் காதில் விழுந்ததோ இல்லையோ, மறுபடி எழுதுகிறேன். மாத்திரை சோற்றுக்குப் பிறகு. டாக்டர் சொல்லாமல் குறைக்காதீர்கள். களிம்பு போடும்போது கையுறை. பூசிய பிறகு முகத்தைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசுங்கள். என்ன பேசினாலும் கேட்கும். என் கதையை வேண்டுமானால் சொல்லுங்கள், உங்கள் கதை அதற்குத் தெரியும்.

உங்கள் கையை மோந்ததுமே வாலை ஆட்டியது. எனக்குச் சந்தோஷம்தான். பாதி சந்தோஷம்.

"வீட்டுக்கு வாங்களேன், ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போலாம்" என்றீர்கள். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றேன். வண்டிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆணியைப் பிடுங்கித் திரையெல்லாம் கழற்றிவிட்டேன். வீடு பளிச்சென்று இருக்கிறது. எதிர் வீட்டுக்காரி வந்து, "அப்பாடா, இப்பதான்க்கா வீடு வீடா இருக்கு" என்றாள். அவள் போன பிறகு பார்க்கிறேன், நான் சுவரோரம் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். வெயில் நகர நகர நாற்காலியை நகர்த்துகிறேன். பழகிவிட்டது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அது என்னைத் தேடுகிறதா என்று எழுதாதீர்கள். தேடினாலும் எழுதாதீர்கள், தேடாவிட்டாலும் எழுதாதீர்கள். மூக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி

செப்டம்பர் 18

சம்பந்தியம்மாவுக்கு,

மூக்கு ஓரத்திலிருந்து கறுக்க ஆரம்பித்திருக்கிறது.

நீங்கள் எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுதவில்லை. வாசல் கதவை மட்டும் இப்போதெல்லாம் தாழ்ப்பாள் போட்டே வைக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி