டிரைவர் வீட்டு அளவு நூல்

அண்ணாச்சி,

பார்சல் வந்துவிட்டது. பிரித்ததும் முன்னறை முழுக்கப் புதுத்தோல் வாசம். என் மகள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக் வார் கையை அரிக்கிறது என்று நான் புலம்பியதால், அவளே செல்போனில் தேடி, கையால் தைத்துத் தருகிற ஒரு ஆளைப் பிடித்து, தோல் வாருக்கு ஆர்டர் போட்டாள். தோலின் நிறம் என்ன, தையல் நூலின் நிறம் என்ன, பக்கிள் வெள்ளியா பித்தளையா என்று அந்த ஆள் கேட்ட அளவுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். கடைசியாகக் கையின் சுற்றளவைக் கேட்டார். நான் மேசை மேலிருந்த ஒரு நூலை எடுத்து மகளிடம் நீட்டினேன். அவள் ஸ்கேலில் வைத்து அளந்து அனுப்பினாள்.

வந்திருக்கிற வார் என் கையைச் சுற்றி வந்து, இன்னொரு அரைச்சுற்றுக்கும் மிச்சமிருக்கிறது. மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அப்பா, யாரு கைக்குப்பா அளவு குடுத்தீங்க? யானைக்கா?"

"மாறிப்போச்சு போல இருக்கு" என்றேன். திருப்பி அனுப்பிவிடலாமா என்றாள். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். அளவு நூல் விஷயத்தில் நம் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கு அருமை தெரியும்?

உங்களை நான் முதலில் பார்த்தபோது முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த மினி பஸ் ஓட ஆரம்பித்த நாள். கோவில்பட்டிக்கும் பசுவந்தனைக்கும் நடுவே நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உங்கள் மணிக்கட்டைப் பார்த்து, இந்த மனுஷன் கோபப்பட்டுக் கையை ஓங்கினால் நம் கதி என்ன என்று பயந்தேன். வாயைத் திறந்து நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "மணி என்னலே?"

அன்றைக்கு ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை. நம் வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு நிமிஷம் பிந்தினால் ஒரு ஊர் ஜனமே அடுத்த வண்டியில் ஏறிவிடும். அப்படிப்பட்ட ரூட்டில் கையில் வாட்ச் இல்லாத டிரைவர் நீங்கள் ஒருவர்தான்.

வாட்ச் இல்லாமலில்லை. கல்யாணத்தில் மாமனார் போட்ட வாட்ச் பீரோவில் தூங்கியது. அதன் செயின் உங்கள் கையில் பாதி தூரம்கூட வரவில்லை. கடைகளில் இருந்த வார் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தீர்கள். எதிலும் கடைசி ஓட்டைகூட எட்டவில்லை. கோவில்பட்டிக் கடை ஒன்றில் ஆறேழு பேர் கூடி நின்று, "அண்ணாச்சி, இது கையா, உரலா?" என்று கேட்ட பிறகு, இனி எந்தக் கடைக்காரன் முன்னாலும் கையை நீட்டமாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டீர்கள்.

மாமனார் எப்போதும்வென்றான்காரர். பருத்தி விவசாயம். ஊர்ப் பேருக்கு ஏற்ற ஆள், பேச்சில் யாரும் அவரை ஜெயித்ததில்லை. உங்களை எப்போது பார்த்தாலும் கண் முதலில் இடது கைக்குத்தான் போகும். "மாப்ளே, வாட்ச் எங்க?" என்பார். "சர்வீஸ்ல இருக்கு மாமா" என்பீர்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள்? கை பெரிதாக இருக்கிறது என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்? கேட்டதற்கு, "பொண்ணு எடுத்த வீட்டுல போயி, நீரு குடுத்த சாமான் சின்னதுன்னு சொல்லச் சொல்லுதியா?" என்று என்மேல் பாய்ந்தீர்கள். அப்படியே எட்டு வருஷம் அந்த வாட்ச் சர்வீஸில் இருந்தது. பஸ்ஸையே அதற்குள் மூன்று தடவை சர்வீஸ் பார்த்துவிட்டோம்.

பிறகுதான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. மருமகன் வாட்ச்சை வித்துக் குடித்துவிட்டார் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்கிறாராம். பீடிகூடத் தொடாத மனுஷர் நீங்கள். உங்கள் வீட்டு மதினி அழுதது எனக்குத் தெரியும். அப்பாவை விட்டுக்கொடுக்க முடியாமல், உங்களையும் விட்டுக்கொடுக்க முடியாமல், சோற்றுச் சட்டியைத்தான் நங்கென்று வைக்கும். சின்னப் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. மாமனார் வருவார், சொந்தம் முழுவதும் வரும். அன்றைக்கு அந்த வாட்ச் உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

"சும்மா எடுத்துக் காட்டுனா என்ன?" என்று கேட்டேன்.

"துணியில முடிஞ்சு கொண்டாந்து காட்டுனா, இப்பத்தான் எங்கிருந்தோ மீட்டுட்டு வாரான்னு சொல்லுவாரு. கட்டியிருக்கணும்லே."

பந்தய மாடுகளுக்குக் கழுத்தில் சலங்கைப் பட்டை தைக்கிற ஒருவர் சந்தைப் பக்கம் இருந்தார். ஆர்டர் கொடுத்தால் வாட்ச் வாரும் தைப்பார் என்று நான்தான் விசாரித்து வந்தேன். காளைக் கழுத்துக்கே தைக்கிறவர், உங்கள் கைக்குத் தைக்கமாட்டாரா? ஆனால் நீங்கள் வரமாட்டேன் என்றுவிட்டீர்கள். சபதம். கடைசியில் வாட்ச்சை என்னிடம் கொடுத்து, மூட்டை தைக்கிற வெள்ளைச் சணல் நூலை மணிக்கட்டில் சுற்றி அறுத்துக் கொடுத்தீர்கள்.

நூலுக்கு என் பையில் பஞ்சமா? நம் ரூட்டில் வளையல், செருப்பு, ஜாக்கெட், அரைஞாண் எதுவானாலும் ஜனங்கள் டவுனுக்குப் போகாது. அளவு நூல்தான் போகும். "கண்டக்டரே, இந்தாரும், இது எங்க மூத்தவ கை" என்று ஓடுகிற பஸ்ஸில் நூலை நீட்டுவார்கள். நான் ஒவ்வொன்றையும் ஒரு டிக்கெட்டுத் தாளில் மடித்து, மேலே யார் வீடு என்று பென்சிலில் எழுதிவைப்பேன். ஒரு தடவைகூட மாறியதில்லை என்று எனக்குத் தலைக்கனம் வேறு.

அன்று காலையிலேயே மதினியும் ஒரு நூல் தந்திருந்தது, பிள்ளைக்குக் கொலுசு எடுக்க. மடித்தேன். "டிரைவர் வீடு" என்று எழுதினேன். உங்கள் நூலையும் மடித்தேன். அதிலும் "டிரைவர் வீடு" என்று எழுதினேன். ஒரு வீட்டுக்கு இரண்டு நூல் வந்தது அதுதான் முதல் தடவை. என் மூளைக்கு அது எட்டவில்லை. கோவில்பட்டியில் வண்டி நிற்கிற பன்னிரண்டு நிமிஷத்துக்குள் ஓடிப்போய், தோல்காரரிடம் ஒன்று, வெள்ளிக் கடையில் ஒன்று கொடுத்துவிட்டு விசிலடித்தேன்.

தோல்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, காதுகுத்துக்கு முந்தின நாள்தான் தந்தார். இரண்டு பொட்டலத்தையும் பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை ஏழரை மணிக்கு உங்கள் வீட்டில் பிரித்தோம்.

செம்மண் நிறத்தில் அருமையான வார், அண்ணாச்சி. இரட்டைத் தையல். நீங்கள் ஆசையாகக் கையில் வைத்தீர்கள். ஒரு முனை இந்தப் பக்கம் நின்றது, மறு முனை அந்தப் பக்கம் நின்றது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி. "என்னலே இது?" என்றீர்கள். ஓடி விளையாடிய பிள்ளையைப் பிடித்து அதன் காலில் வாரைச் சுற்றிப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

அந்த நேரம் பார்த்து மதினி வெள்ளிக் கடையின் ரோஸ் தாளைப் பிரித்தது. உள்ளே பெரிய கொலுசு. பிள்ளையின் இடுப்புக்குக் கட்டலாம். மதினி அதைத் தன் காலில் வைத்துப் பார்த்தது, கொக்கியை மாட்டியது. உங்கள் மணிக்கட்டும் மதினியின் கணுக்காலும் ஒரே சுற்றளவு என்பது அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

"எனக்கா எடுத்தீய?" என்றது மதினி. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான் வாயைத் திறந்தேன். நீங்கள் என் காலை மிதித்தீர்கள். லாரி ஏறின மாதிரி இருந்தது. "பின்ன யாருக்கு? உனக்குத்தான். பிள்ளைக்கு அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்" என்றீர்கள். மதினி உள்ளே போனது. நடை முழுக்கக் கொலுசுச் சத்தம் கேட்டது.

மதினி உள்ளே போனதும் நீங்கள் என் கழுத்தைப் பிடித்தீர்கள். "ஒம்பது மணி வண்டிக்கு மாமனாரு வந்து எறங்குவாரு. என்னலே செய்ய?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. தோளில் தொங்கிய கண்டக்டர் பையின் வாரில் ஒரு சாண் அறுத்தேன். பிளேடால் ஒல்லியாகக் கீறி, கோணி ஊசியால் ஓட்டை போட்டு, பக்கிள் இல்லாத முனையோடு சேர்த்துச் சணல் நூலால் தைத்தேன். அது கறுப்பு, இது சிவப்பு. ஆனால் உங்கள் கையைச் சுற்றி வந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு சாவி கொடுத்ததும் வாட்ச் ஓடவும் செய்தது. முழுக்கைச் சட்டையை இறக்கிவிடச் சொன்னேன். "இவ்வளவு பாடுபட்டு மறைக்கவா?" என்று சுருட்டி ஏற்றிக்கொண்டீர்கள்.

மாமனார் இறங்கினார். பேத்தியைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"மாப்ளே, சர்வீஸ் முடிஞ்சுட்டு போல."

"முடிஞ்சுட்டு மாமா."

கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டார். சொந்தக்காரர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். "அதென்ன, வாரு ரெண்டு நெறமா இருக்கு?"

உங்களுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. நான் நடுவில் புகுந்தேன். "அது ஆர்டர் குடுத்துத் தச்சது மாமா. கடையில கேட்டாக் கெடைக்காது. இப்ப அதுதான் பெரிய ஆளுங்க கட்டுதாங்க."

அவர் வாரின் இரண்டு நிறத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எம் மருமகன் வாட்ச்ச வித்துட்டாருன்னு எந்தப் பயலே சொன்னான்?" என்று சத்தம் போட்டார். சொன்னதே அவர்தான் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதோடு விட்டாரா? தோளில் கிடந்த துண்டிலிருந்து ஒரு நூலை உருவி, தன் மணிக்கட்டில் சுற்றி, பல்லால் கடித்து அறுத்து என்னிடம் நீட்டினார். "தம்பி, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு. ரெண்டு நெறம், மறந்துராதீரும்."

தோல்காரரிடம் போய் அதைச் சொன்னபோது, "எந்தக் கிறுக்கன்யா கேட்டான்?" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்காமல், நம் வண்டி அன்றைக்கு நாலு நிமிஷம் பிந்தியது.

ஒரு சாண் போன என் பை அதற்கப்புறம் அக்குளிலேயே தொங்கியது. சில்லறை எடுக்க நான் கோழி மாதிரி கையைத் தூக்க வேண்டும். முதலாளி திட்டினார், ஜனங்கள் கேலி செய்தார்கள். இதில் எனக்கு வருத்தமே இல்லை. வருத்தம் என்னவென்றால், வாட்ச்சைக் கட்டிக்கொண்ட பிறகும் நீங்கள் "மணி என்னலே?" என்று கேட்பதை நிறுத்தவில்லை. "கையில கட்டியிருக்குல்லா அண்ணாச்சி?" என்று ஒரு நாள் எரிந்துவிழுந்தேன். "அது மாமனாருக்குலே. மணி உங்கிட்டதான் கேக்கணும்" என்றீர்கள்.

போன ஐப்பசியில் உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எல்லோரும் போன பிறகு மதினி என்னைக் கூப்பிட்டது. அந்த வாட்ச்சை எடுத்துக் காட்டியது. நான் தைத்த கறுப்பு வார் இற்றுப்போய்க் கையோடு வந்தது. பிறகு ஒரு ரோஸ் தாளை நீட்டியது. உள்ளே என் டிக்கெட்டுத் தாள், என் பென்சில் எழுத்து, "டிரைவர் வீடு". அதற்குள் வெள்ளைச் சணல் நூல். கொலுசோடு வெள்ளிக் கடைக்காரர் திருப்பித் தந்த அளவு.

"பிள்ளைக்கு நான் குடுத்தது என் சேலையில உருவுன சிவப்பு நூலு. இது வெள்ளை. பிரிச்சதுமே எனக்குத் தெரியும், தம்பி" என்றது மதினி.

"ஏன் மதினி கேக்கல?"

"கேட்டா அது பிள்ளைக்குன்னு ஆயிரும். கேக்காம இருந்தா எனக்குத்தானே. அந்த மனுசன் பொய் சொல்லத் தெரியாம சொல்லுதாவ, வேர்த்து ஊத்துது, உங்க காலப் போட்டு மிதிக்காவ. அதைக் கெடுக்கவா?" என்று சிரித்தது. உடனே அழுதது. நானும் அழுதேன், அண்ணாச்சி. நான் நூலை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்பதை மதினியிடம் சொல்லிவிடாதே என்று ஆயுசு முழுக்க எத்தனை தடவை என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள்! பொட்டலத்தைப் பிரித்த நிமிஷமே அதற்குத் தெரிந்திருக்கிறது.

அந்த நூலை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாட்ச்சின் அகலத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். மகளிடம் அன்றைக்கு நான் கொடுத்தது மாறிப்போன நூல் இல்லை. தெரிந்தேதான் கொடுத்தேன், அந்த அகலத்தோடு சேர்த்து. கறுப்பும் சிவப்புமாக, இரண்டு நிறத்தில் தைக்கச் சொன்னதும் நான்தான்.

மகள் மறுபடியும் வந்து நிற்கிறாள். "என்னப்பா, திருப்பி அனுப்பவா?"

"வேண்டாம்மா. அளவு சரியாத்தான் இருக்கு. டிரைவர் வீட்டுக்கு" என்றேன்.

நாளைக் காலை முதல் வண்டியில் இந்த வாரைப் பசுவந்தனைக்குக் கொண்டுபோய் மதினியிடம் கொடுப்பேன். கட்டுவதற்குக் கை இல்லை. இருந்தாலும் அந்த வாட்ச் இனிமேல் மொட்டையாகப் பீரோவில் கிடக்க வேண்டாம். நூலைக் கொடுக்கமாட்டேன், அது என் சட்டைப்பையில்தான் இருக்கும். அந்தப் பழைய டிக்கெட்டுத் தாளில் "டிரைவர் வீடு" என்பதற்குக் கீழே, இத்தனை வருஷம் கழித்து, "கை" என்றும் எழுதிவிட்டேன்.

மணி பத்தேகால், அண்ணாச்சி. இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. நானாகச் சொல்லிக்கொள்கிறேன்.