யமுனா எழுதிய தாள்

புதன்கிழமை, இரவு.

ஏழாம் வகுப்பில் கணக்குக்கு மூன்று குழு வைத்திருக்கிறேன். பின்னம் புரியாதவர்களுக்குத் தோசையை நாலாக வெட்டிய படம் போட்ட தாள். இன்று அதில் ஒன்றை ஆசிரியர் அறையில் அறிவியல் டீச்சர் கற்பகம் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

"இன்னா டீச்சர், மக்குங்களுக்குத் தனிப் பேப்பரா? கம்பெனி லேபருங்க பசங்களுக்கு இது போதும்தான்."

என் அப்பாவும் கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் இருபது வருஷம் இரும்பு உருக்கியவர்.

"பின்னாடி பேரைப் பாருங்க டீச்சர். உங்க பொண்ணு யமுனா எழுதினது. மூணு வாரமா அதுலதான் உக்காந்துகினு இருக்கா," என்றேன்.

தாளைத் திருப்பிப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு இனித்தது. இப்போதும் இனிக்கிறது.

கடைசி பீரியடில் யமுனா வந்தாள். கையில் முதல் குழுவின் கஷ்டமான தாள். ஒரு கணக்குகூடப் போடவில்லை.

"அம்மா இனிமே இதத்தான் போடணும்னு சொல்லிட்டாங்க மிஸ். அம்மாகிட்ட சொல்லமாட்டேன்னு சொன்னீங்களே?"

கற்பகத்துக்கு இது வேண்டும். இன்னொரு முறை வாயைத் திறந்தால் இதைவிடப் பலமாகக் கொடுப்பேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

யமுனாவிடம் நாளைக்கு எந்தத் தாளைக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.