கடல் பக்கத்துச் சன்னல்

பிராட்ஃபோர்ட்
6 ஆகஸ்ட் 1979

என் வெர்லினுக்கு,

உன் கடிதமும் நம் மகளின் தேர்வு முடிவும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கம்பளி ஆலையில் ஒருவர் விடாமல் காட்டினேன். ஜனவரியில் ஜினெட் இங்கே வந்து நர்ஸ் படிப்பில் சேரட்டும். என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் பார்த்துவிட்டேன். கைக்குழந்தையாக விட்டுவந்தவள், ரயில் நிலையத்தில் அடையாளம் தெரியாமல் நிற்பேனோ என்றுதான் பயம். சிவப்பாக எதையாவது போட்டுக்கொண்டு வரச் சொல்.

புயல் மாதம் வந்துவிட்டது. அப்பா எனக்குச் சொன்னதை உங்கள் இருவருக்கும் சொல்லிவைக்கிறேன். மலையிலிருந்து காற்று அடித்தால் கடல் பக்கத்துச் சன்னலைத் திறந்து வையுங்கள். வீடு மூச்சு விட வழி இல்லாவிட்டால் கூரை போய்விடும். நீ எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்துகிறவள். நான் பெரும்புயல் எதையும் பார்த்ததில்லைதான், அப்பா பார்த்தவர். இந்த ஒன்றிலாவது என் பேச்சைக் கேள்.

உன்
தியோஃபில்

கிராண்ட் பே
27 ஆகஸ்ட் 1979

அன்புள்ள தியோ,

இங்கே சுகம். பத்து நாளாக உன் கடிதம்தான் வீட்டில் வேடிக்கை. "அப்பா பிராட்ஃபோர்டுல உக்காந்துக்கிட்டு நம்ம வீட்டுச் சன்னலத் திறக்கிறாரு" என்று ஜினெட் சிரிக்கிறாள். சிரித்தாலும் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு வைத்துவிட்டாள். "அம்மா, அது என் வேலை, நீ கை வெக்காத" என்கிறாள்.

அட்லாண்டிக்கில் ஒரு புயல் வருகிறது. டேவிட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வானொலி சொல்லச் சொல்ல, நான் பாடம் நடத்தும் பள்ளியின் வரைபடத்தில் ஊசி குத்திக்கொண்டு வருகிறோம். ஊசிகள் பார்படோஸை நோக்கித்தான் போகின்றன. பாவம் அவர்கள். நம் தீவில் யாரும் சன்னல்களை அடைக்க ஆணி வாங்கக்கூடப் போகவில்லை. வாழைக்குலைகள் முற்றி நிற்கின்றன, அவற்றை ஏற்றும் கப்பல் எந்த நாளில் வரும் என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள்.

சிவப்பு உடை அவளுக்குப் பிடிக்கவில்லை. மஞ்சள் போடுவாளாம்.

வெர்லின்

கிராண்ட் பே
4 செப்டம்பர் 1979

தியோ,

புயல் பார்படோஸுக்குப் போகவில்லை. புதன்கிழமை காலை எங்கள்மேல் வந்தது.

முதலில் மலையிலிருந்துதான் அடித்தது. ஜினெட் ஓடிப்போய்க் கடல் பக்கத்துச் சன்னலைத் திறந்தாள். வீடு நடுங்கியது, ஆனால் நின்றது. சுற்றிலும் தகரங்கள் பறந்தன, நம் கூரை அசையவில்லை. பிறகு திடீரென்று எல்லாம் அடங்கி வெயில்கூட அடித்தது. "அப்பா சொன்னது பலிச்சுது பாத்தியா? நீதான் நம்பல" என்று என் தோளில் இடித்தாள். முடிந்துவிட்டது என்றே நினைத்தோம். அடுப்புப் பற்றவைக்க விறகு தேடினேன்.

காற்று மறுபடி வந்தது, இந்தத் தடவை கடலிலிருந்து. திறந்திருந்த சன்னல் வழியாக நேராக உள்ளே புகுந்தது. வீடு ஊதிப் பெருத்ததுபோல் இருந்தது. அவள் சன்னலைச் சாத்தப் போனாள். நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்காது. கூரை எழும்பியது, அந்தச் சுவர் அவள்மேல் சாய்ந்தது. காற்று நிற்கும்வரை என்னால் அந்த மரச்சுவரைத் தூக்க முடியவில்லை. பிறகு தூக்கியும் பயனில்லை.

அடக்கம் செய்த அன்று பக்கத்து வீட்டு யூலாலி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "காத்து திரும்பினா அந்தச் சன்னலச் சாத்திட்டு மலைப் பக்கம் தெறக்கணுமே. உங்க வீட்டுக்காரரு அதச் சொல்லலியா?"

நீ சொல்லவில்லை. உன் அப்பா உனக்குப் பாதியை மட்டும் சொன்னாரா, நீ மீதியை மறந்தாயா, தெரியாது. வரைபடமும் ஊசியுமாக உட்கார்ந்திருந்த எனக்கும் காற்று திரும்பும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

இதை நான் அனுப்பப் போவதில்லை. அந்த அறையில் நீ தனியாக உட்கார்ந்து இதைப் படிப்பதை நினைத்துப் பார்க்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. உனக்காகக் கதவைத் தட்ட ஓர் ஆளில்லை. யூலாலியிடமும் சொல்லிவிட்டேன், இதை இனி யாரிடமும் பேசவேண்டாமென்று.

கிராண்ட் பே
5 செப்டம்பர் 1979

தியோ,

உட்கார்ந்துகொண்டு படி. புயலில் நம் வீடு விழுந்தது. சுவர் ஜினெட்டின்மேல் விழுந்துவிட்டது. உடனே போய்விட்டாள், துன்பப்படவில்லை. பாதிரியார் வந்து எல்லாம் முறைப்படி செய்தார். மஞ்சள் உடை போட்டு அனுப்பினோம்.

மலைகளில் ஓர் இலை இல்லை. வெளிநாட்டுக் கப்பல் ஒன்று மாவும் தார்ப்பாயும் தந்தது. யூலாலி வீட்டு அடித்தளத்தில் படுத்துக்கொள்கிறேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நீ தனியாக இருக்காதே, ஆலை நண்பர்கள் யாரையாவது வந்து தங்கச் சொல்.

வெர்லின்

பிராட்ஃபோர்ட்
23 செப்டம்பர் 1979

வெர்லின்,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். வேலைக்குப் போகவில்லை. கட்டிலை அவளுக்காக ஏற்கெனவே போட்டிருந்தேன், அதைப் பார்த்துக்கொண்டு தரையில் கிடக்கிறேன்.

உன் கடிதத்தில் சன்னலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூரை எப்படிப் போனது? நான் அத்தனை தூரம் எழுதினேனே. அது திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா? திறந்திருந்தும் அவள் போய்விட்டாள் என்றால், அவளைப் பலி கொடுத்தது என் பேச்சுதான். அதைத் தெரிந்துகொண்டு நான் எதற்கு இருக்கவேண்டும்? உன் பிடிவாதத்தில் நீ சாத்தி வைத்திருந்தால் அதையும் சொல்லிவிடு. அப்படியானால் நான் ஊருக்கு வரப்போவதில்லை, இனி எப்போதும் இல்லை. நேராகப் பதில் எழுது.

தியோஃபில்

கிராண்ட் பே
8 அக்டோபர் 1979

தியோ,

சாத்தியிருந்தது. அவள் திறக்கத்தான் போனாள். நான் விடவில்லை. மழை உள்ளே வரும், சும்மா இரு என்று அதட்டினேன். நீ சொன்னபடி செய்திருந்தால் வீடு நின்றிருக்கும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தைத் தார்ப்பாயின் கீழ் தொடங்கிவிட்டோம். பிள்ளைகள் குறைவு.

நீ ஆலைக்குத் திரும்பிப் போ. இந்நேரம் அங்கே குளிர் வந்திருக்கும். நெஞ்சை மூடிக்கொண்டு போ, உனக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும்.

இதற்குப் பதில் எழுதவேண்டியதில்லை.

வெர்லின்